அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி அல்ல: மேஜர் பூரும் அந்தக் கால கிரிக்கெட்டும்

பழைய இங்கிலாந்து கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்சு வந்தால் "அவர் ஒரு அமெச்சூர்" என்ற வார்த்தை எப்படியும் வந்து விழும். கேட்பவர்கள் அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆட்டம் அரைகுறை, பொழுதுபோக்குக்கு மட்டையைத் தூக்கியவர் என்று சிலர். காசுக்கு ஆசைப்படாத கனவான், விளையாட்டை விளையாட்டாகவே பார்த்தவர் என்று சிலர். இரண்டாவது கூட்டம்தான் பெரியது. "அந்தக் காலத்தில் எல்லாம்" என்று பெருமூச்சு விடுவதும் அவர்கள்தான்.

இரண்டுமே தப்பு. அமெச்சூர் என்பது திறமையின் அளவும் இல்லை, மனசின் அளவும் இல்லை. அது ஒரு அந்தஸ்து. யாருக்கு அது கிடைத்தது, அந்த அந்தஸ்துக்கு யார் செலவு செய்தார்கள் என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். அதைப் பார்க்க ஒரு ராணுவ அதிகாரியின் வாழ்க்கை நல்ல வழி. பெயர் ராபர்ட் பூர். அவரிடம் வருவதற்கு முன்னால் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வரலாம்.

சாம்பார் வாளியோடு இரண்டு பேர்

மண்டபத்தில் மதியப் பந்தி. சாம்பார் வாளியோடு இரண்டு பேர் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் பெண்ணுக்குச் சித்தப்பா. மற்றவர் சமையல் கான்ட்ராக்டர் கூட்டிவந்த ஆள். வேலை ஒன்றுதான், சொல்லப்போனால் கான்ட்ராக்டர் ஆள்தான் இலையில் சிந்தாமல் ஊற்றுவார். ஆனால் சித்தப்பா அடுத்த பந்தியில் சம்பந்தி வீட்டாரோடு உட்காருவார். அந்த ஆள் எல்லாரும் எழுந்த பிறகு பின்கட்டில் சாப்பிடுவார். "அந்தக் கோடிக்கு ரசம் போகலை பாரு" என்று சித்தப்பா அவரை ஏவலாம். அவர் சித்தப்பாவை ஏவ முடியாது.

கூலி விஷயமும் உண்டு. சித்தப்பா கையில் ரூபாயைத் திணித்தால் சண்டைதான். அதே சித்தப்பாவுக்குத் தாம்பூலத்தோடு பட்டு வேட்டி வைத்துக்கொடுத்தால் அது மரியாதை. வேட்டியின் விலை அந்த ஆளின் கூலியைவிட அதிகமாகவே இருக்கலாம். அதை யாரும் கணக்குப் போட மாட்டார்கள்.

இங்கிலாந்து கிரிக்கெட்டில் சித்தப்பாவின் பெயர் அமெச்சூர்: ஆடுவதற்குச் சம்பளம் வாங்காதவர், செலவுத்தொகை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கூலிக்கு வந்தவர் பெயர் புரொஃபெஷனல்: ஆட்டத்துக்கு இவ்வளவு என்று பேசி வாங்குபவர். இருவரும் ஒரே அணியில், ஒரே தொப்பியோடு, ஒரே ஆட்டத்தை ஆடினார்கள்.

இரண்டு வாசல்

ஒரே அணி என்றால் மைதானத்துக்குள்தான். அதற்கு வெளியே எல்லாம் தனித்தனி. உடை மாற்றும் அறை வேறு. வெளியூர் ஆட்டத்துக்குப் போனால் பல அணிகளில் தங்கும் விடுதியும் வேறு, ரயில் பெட்டியும் வேறு. லார்ட்ஸ் மைதானத்தில் அமெச்சூர்கள் பெவிலியனின் நடு வாசல் வழியாக இறங்குவார்கள், புரொஃபெஷனல்கள் பக்கவாட்டு வாசல் வழியாக. அம்பயரைத் தாண்டிக் கோட்டுக்குள் வந்தபிறகு இருவரும் சேர்ந்து ஓடி ரன் எடுப்பார்கள்.

பெயரிலேயும் வித்தியாசம். ஸ்கோர் அட்டையில் அமெச்சூருக்கு மரியாதைப் பட்டமோ முன்னெழுத்துகளோ பெயருக்கு முன்னால் வரும். புரொஃபெஷனலுக்கு வெறும் குடும்பப் பெயர், அல்லது முன்னெழுத்து பெயருக்குப் பின்னால். லார்ட்ஸில் ஒருமுறை ஒலிபெருக்கியில் திருத்தம் ஒன்று சொன்னார்கள்: அட்டையில் "எஃப். ஜே. டிட்மஸ்" என்று இருப்பதை "டிட்மஸ், எஃப். ஜே." என்று படிக்கவும். ஃப்ரெட் டிட்மஸ் புரொஃபெஷனல். அவர் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து தவறிப் போய் உட்கார்ந்துவிட்டதை மைதானம் முழுக்க அறிவித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது!

இந்த இரண்டு வகையினரையும் எதிரெதிராக நிறுத்தி ஆண்டுதோறும் ஆட்டமே நடந்தது. ஜென்டில்மென் (அமெச்சூர்கள்) அணிக்கும் பிளேயர்ஸ் (புரொஃபெஷனல்கள்) அணிக்கும் முதல் மோதல் 1806இல், கடைசி 1962இல்.

சுருக்கமாக: அமெச்சூர், புரொஃபெஷனல் என்ற கோடு திறமையை வைத்துப் போட்டதல்ல. யார் கூலிக்காரர், யார் வீட்டுக்காரர் என்று பிரிக்கப் போட்டது.

பூர் யார்

ராபர்ட் மாண்டேகு பூர் 1866இல் டப்ளினில் பிறந்தார். ஆறடி நாலங்குலம். 7ஆவது ஹஸார்ஸ் என்ற குதிரைப்படைப் பிரிவில் அதிகாரி. பள்ளிக்கூடத்தில் கிரிக்கெட்டில் பெயர் எடுத்தவர் இல்லை. ராணுவத்தில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்தபிறகுதான், அதுவும் புத்தகங்களைப் படித்து, மட்டை பிடிப்பதை ஒழுங்காகக் கற்றார் என்பார்கள்.

பம்பாயில் அவருக்குக் கிடைத்த வேலை ஆளுநர் லார்ட் ஹாரிஸின் ஏடிசி, அதாவது ஆளுநருக்குக் கூடவே இருந்து உதவும் ராணுவ அதிகாரி. ஹாரிஸ் சாதாரண ஆளுநர் இல்லை, இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர். 1890 முதல் 1895 வரை பம்பாய் ஆளுநராக இருந்தபோதும் கிரிக்கெட்தான் அவர் மூச்சு. நிர்வாகத்தைவிட ஆட்டத்தில்தான் கவனம் என்று அப்போதே திட்டு வாங்கியவர். (நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. இவருடைய அப்பா 1854 முதல் 1859 வரை மெட்ராஸ் ஆளுநர். கொள்ளுத்தாத்தா, 1799இல் வேலூரிலிருந்து படை நடத்திப் போய் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த ஜெனரல் ஹாரிஸ்.) அப்படிப்பட்ட எஜமானருக்குப் பக்கத்தில் ஏடிசியாக இருப்பவர் கிரிக்கெட் ஆடினால் அது வேலைக்கு மட்டம் போடுவதாக ஆகுமா? அதுவும் வேலையில் சேர்த்திதான்.

பிறகு படைப்பிரிவு தென்னாப்பிரிக்காவுக்குப் போனது, பூரும் போனார். 1895-96 பருவத்தில் லார்ட் ஹாக் தலைமையில் இங்கிலாந்து அணி அங்கே வந்தபோது, மூன்று டெஸ்ட்களிலும் பூர் ஆடினார். இங்கிலாந்துக்கு எதிராக, தென்னாப்பிரிக்காவுக்காக! இங்கிலாந்து அரசியின் ராணுவ அதிகாரி எதிரணியில் ஆடுவதை அன்றைக்கு யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. இன்று டெஸ்ட் என்று எண்ணுகிற அந்த ஆட்டங்கள் அப்போது ஒரு சுற்றுப்பயண அணிக்கும் உள்ளூர் ஆட்களுக்கும் நடந்த போட்டிகள், அவ்வளவே. ஆறு இன்னிங்ஸில் பூர் எடுத்தது 76 ரன். எதிரில் பந்து வீசியவர் ஜார்ஜ் லோமன், அந்த மூன்று டெஸ்ட்களில் 35 விக்கெட் எடுத்தவர். இந்த லோமனைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வருவார்.

1899 கோடை

இங்கிலாந்து திரும்பிய பூர் 1898இல் ஹாம்ப்ஷைர் கவுண்டிக்காக ஆட ஆரம்பித்தார். கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி. கவுண்டி அணிகளுக்கு இடையே நடப்பதுதான் இங்கிலாந்தின் முதல்தர கிரிக்கெட். அடுத்த கோடையில் நடந்ததை ராணுவக் கதை என்று சொல்வதா, கிரிக்கெட் கதை என்று சொல்வதா தெரியவில்லை.

பருவம் மே மாதம் தொடங்கும். பூர் ஜூன் பாதியில்தான் வந்தார். ஜூன் 12 முதல் ஆகஸ்ட் 12 வரை, இரண்டே மாதம், 1,399 ரன். போர்ட்ஸ்மத்தில் சாமர்செட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 104, ஆட்டமிழக்காமல் 119. அதற்கடுத்து லங்காஷைருக்கு எதிராக 111. அதே கோடையில் படைப்பிரிவுகளுக்கு இடையிலான போலோ போட்டியில் வென்ற அணியிலும் இருந்தார், ராணுவ வீர விளையாட்டுப் போட்டியில் ஆயுதப் பயிற்சிப் பரிசையும் வாங்கினார்.

ஜூலையில் டான்டன் மைதானத்தில் மறுபடி சாமர்செட். பூர் 304. கூட நின்ற கேப்டன் எட்வர்ட் வின்யார்ட் 225. ஆறாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்த்தது 411. அந்த 304ஐ ஹாம்ப்ஷைரில் வேறொருவர் தாண்ட 1937 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வின்யார்டும் ராணுவ அதிகாரிதான். இந்தியாவில் சஹாரன்பூரில் பிறந்தவர், பர்மா போரில் வீரப் பதக்கம் வாங்கியவர். இரண்டு ராணுவக்காரர்கள் சேர்ந்து ஒரு கவுண்டியின் பந்துவீச்சைச் சப்பாத்தி மாவு மாதிரிப் பிசைந்துவிட்டார்கள்.

பருவ முடிவில் பூரின் கணக்கு 1,551 ரன், சராசரி 91.23. சராசரி என்றால் எடுத்த ரன்களை ஆட்டமிழந்த தடவைகளால் வகுப்பது. ஐம்பதைத் தாண்டினாலே பெரிய விஷயம். ஒரு இங்கிலாந்து பருவத்தில் ஆயிரம் ரன்னுக்கு மேல் எடுத்தவர்களில் இந்தச் சராசரியை யாரும் தாண்டவில்லை, 1930இல் டான் பிராட்மன் என்ற இளைஞர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து 98.66 வைக்கும்வரை.

சுருக்கமாக: அமெச்சூர் என்றால் கத்துக்குட்டி என்ற முதல் தப்பு இங்கேயே காலி. முப்பது ஆண்டு நின்ற சாதனை ஒரு அமெச்சூருடையது.

கோடைக்குக் காசு கொடுத்தது யார்

இப்போது இரண்டாவது தப்பு. காசு வாங்காமல் ஆடினார் என்கிறோம். ஒரு கவுண்டி ஆட்டம் மூன்று நாள். பயணத்தையும் சேர்த்தால் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு ஆட்டம், கோடை முழுவதும். அந்த நாட்களில் சோறு எங்கிருந்து வந்தது?

நெசவாலையிலோ சுரங்கத்திலோ வேலை பார்ப்பவர் மூன்று நாள் வரவில்லை என்றால் மூன்று நாள் கூலி போச்சு. அவர் ஆட வேண்டுமென்றால் யாராவது அந்தக் கூலியைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்த நிமிடமே அவர் புரொஃபெஷனல். சம்பளம் வாங்காமல் கோடை முழுவதும் ஆட முடிகிறவர் என்றால் அவருக்கு நிலவாடகை வர வேண்டும், அல்லது அப்பா பணம் வர வேண்டும், அல்லது வேலைக்குப் போகாமலே சம்பளம் வருகிற வேலை இருக்க வேண்டும். அமைதிக்கால ராணுவ அதிகாரி இந்த மூன்றாவது ரகம். நீண்ட விடுப்பு உண்டு. விளையாட்டு அதிகாரிக்கு அழகு என்று மேலதிகாரிகள் நினைத்ததால் விடுப்புக் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். ஹாம்ப்ஷைரில் இன்னொரு வசதியும் இருந்தது: ஆல்டர்ஷாட் என்ற பெரிய ராணுவ முகாமும் போர்ட்ஸ்மத் கடற்படைத் தளமும் அந்தக் கவுண்டிக்குள்ளேயே இருந்தன. அந்த அணியில் மேஜரும் கேப்டனுமாக நிறைந்திருந்தது தற்செயல் இல்லை.

இதில் இன்னொரு வடிகட்டியும் உண்டு. குதிரைப்படை அதிகாரியின் சம்பளம் அவர் மெஸ் செலவுக்கே போதாது. குதிரை, சீருடை, போலோ, விருந்து என்று ஆண்டுக்குப் பல நூறு பவுண்டு சொந்தப் பணம் இருந்தால்தான் அங்கே காலம் தள்ள முடியும். பணம் கொடுத்து அதிகாரிப் பதவி வாங்கும் வழக்கத்தை 1871இல் ஒழித்தார்கள் என்றாலும், பணமில்லாதவர் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. பூர் மணந்தது ஹாமில்டன் பிரபுவின் சகோதரியை. பூரின் சகோதரியை மணந்தது அந்தப் பிரபு. எந்த வட்டம் என்று இதற்கு மேல் சொல்ல வேண்டாம்.

1899 அக்டோபரில் தென்னாப்பிரிக்காவில் போயர் போர் மூண்டதும் இந்த ஏற்பாட்டின் அடித்தளம் வெளியே தெரிந்தது. அதிகாரிகள் போருக்குக் கிளம்பினார்கள். பூர் அங்கே ராணுவக் காவல் பிரிவின் தலைமை அதிகாரியாக இருந்தார், பதக்கமும் பெற்றார். 1900 பருவத்தில் ஹாம்ப்ஷைர் ஒரு ஆட்டத்தில்கூட ஜெயிக்காமல் பட்டியலின் கடைசியில் கிடந்தது. அந்த அணியின் உண்மையான புரவலர் யார் என்று கேட்டால், என் பதில் பிரிட்டிஷ் போர்த்துறை. போர்த்துறை ஆட்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது, அணி படுத்துவிட்டது.

பூர் போருக்குப் பிறகு அவ்வப்போது வந்து ஆடினார், 1906இல் ஹாம்ப்ஷைருக்குக் கடைசியாக. வாழ்நாள் கணக்கு 55 முதல்தர ஆட்டம். அந்தத் திறமைக்கு இது ரொம்பக் குறைவு. பிரிகேடியர் ஜெனரலாக ஓய்வுபெற்று 1938இல் காலமானார்.

சுருக்கமாக: சம்பளம் வாங்காமல் ஆடுவது குணத்தின் விஷயம் இல்லை. அந்த நேரத்துக்கு வேறு யாரோ காசு கொடுத்தார்கள் என்பதுதான் விஷயம்.

பத்து பவுண்டுத் தகராறு

லோமன் மறுபடி வருகிறார். தென்னாப்பிரிக்காவில் 35 விக்கெட் எடுத்த அதே 1896ஆம் ஆண்டு ஆகஸ்டில், லண்டன் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட். ஒரு டெஸ்ட்டுக்குப் புரொஃபெஷனலுக்கு 10 பவுண்டு. லோமன், கன், ஏபெல், ஹேவர்ட், ரிச்சர்ட்சன் என்ற ஐந்து புரொஃபெஷனல்கள் 20 வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டம் அலைமோதும் ஆட்டம், கேட்டதில் தப்பே இல்லை. நிர்வாகம் மறுத்தது. மூன்று பேர் இறங்கிவந்து ஆடினார்கள். லோமனும் கன்னும் இறங்கவில்லை, வெளியே உட்கார்ந்தார்கள். லோமன் அதன்பிறகு இங்கிலாந்துக்கு டெஸ்ட் ஆடவே இல்லை.

இந்தத் தகராறில் பத்திரிகைகள் எழுப்பிய கேள்விதான் சுவாரசியம்: இவர்களுக்கு 10 பவுண்டு என்றால், அந்தக் காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரமான 'அமெச்சூர்' டபிள்யூ. ஜி. கிரேஸுக்கு எவ்வளவு? ஓவல் மைதானத்தை நடத்திய சர்ரே கழகம் அவருக்குத் தருவது செலவுக்கு 10 பவுண்டு மட்டுமே என்று அறிக்கைவிட வேண்டியதாயிற்று. அந்த ஆட்டம் அப்படி இருக்கலாம். ஆனால் 1873-74 ஆஸ்திரேலியப் பயணத்துக்குக் கிரேஸ் வாங்கியது 1,500 பவுண்டு. 1891-92 பயணத்துக்கு 3,000. டாக்டரான அவர் ஆடப் போகும்போது நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள மாற்று மருத்துவருக்கும் கவுண்டி காசு கொடுத்தது. இவையெல்லாம் சம்பளம் இல்லை, பட்டு வேட்டி.

பிற்காலத்தில் இந்த வித்தை இன்னும் நேர்த்தியானது. ஒரு நல்ல அமெச்சூருக்கு வேறு வருமானம் இல்லை என்றால் கவுண்டி அவரைச் செயலாளர் என்று நியமித்துச் சம்பளம் கொடுக்கும். ஆட்டத்துக்குக் கொடுக்கவில்லை, அலுவலக வேலைக்குக் கொடுக்கிறோம் என்று கணக்கு. எசெக்ஸின் ட்ரெவர் பெய்லி அப்படி ஆடியவர். அவரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. குறை விதியில் இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். பூர் மாதிரியான ராணுவ அதிகாரிகளுக்கு இந்தத் தில்லுமுல்லு தேவைப்படவில்லை. விதியின் எழுத்துப்படி அவர்கள் சுத்தமான அமெச்சூர்கள். அந்தச் சுத்தம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

தலைவர் நாற்காலி

இவ்வளவு பாடுபட்டு அந்த அந்தஸ்தை ஏன் கட்டிக்காத்தார்கள்? அணித்தலைவர் பதவிக்காக. கவுண்டியானாலும் இங்கிலாந்தானாலும் தலைவர் அமெச்சூராக இருக்க வேண்டும் என்பது எழுதாத சட்டம். படையில் அதிகாரியும் சிப்பாயும் எப்படியோ, அப்படியே மைதானத்திலும். அதனால்தான் ராணுவ அதிகாரி இங்கே அவ்வளவு சுலபமாகப் பொருந்தினார், பழக்கப்பட்ட வேலை.

இது எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1927-28 தென்னாப்பிரிக்கப் பயணம். நியமித்த தலைவர் உடல்நலம் குன்றியதால், ரானி ஸ்டானிஃபோர்த் என்ற குதிரைப்படை அதிகாரியைத் தலைவராக அனுப்பினார்கள். அதுவரை அவர் கவுண்டி சாம்பியன்ஷிப்பில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. நான்கு டெஸ்ட்களில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கினார். மோசமானவர் என்று சொல்ல முடியாது, தொடர் 2-2 என்று முடிந்தது. ஆனால் அதே அணியில் சட்கிளிஃப், ஹேமண்ட் போன்ற புரொஃபெஷனல்கள் இருந்தார்கள்.

அந்த வாலி ஹேமண்ட் பத்து ஆண்டு கழித்து ஒரு நிறுவனத்தில் வேலை கிடைத்ததும் 'இனி நான் அமெச்சூர்' என்று அறிவித்தார். 1938இல் இங்கிலாந்தின் தலைவரானார். அதே ஆள், அதே மட்டை. மாறியது சம்பளம் வருகிற திசை மட்டுமே.

எனக்கு மனசு ஆறாதது ஹெட்லி வெரிட்டியின் விஷயம். யார்க்ஷைரின் மகத்தான இடக்கைச் சுழற்பந்து வீச்சாளர், கிரிக்கெட் மூளைக்குப் பேர்போனவர், புரொஃபெஷனல். அவர் இருந்த காலமெல்லாம் யார்க்ஷைருக்குத் தலைவர் அமெச்சூர்தான். இரண்டாம் உலகப் போரில் வெரிட்டி கிரீன் ஹோவர்ட்ஸ் படைப்பிரிவில் கேப்டனாகி ஒரு கம்பெனிக்குத் தலைமை தாங்கினார். சிசிலியில் குண்டடிபட்டு, 1943 ஜூலை 31இல் இத்தாலியின் கசெர்ட்டாவில் போர்க்கைதியாக இறந்தார். துப்பாக்கிச் சூட்டுக்குள் ஒரு கம்பெனியை நடத்திப்போகத் தகுதி இருந்தது. யார்க்ஷைரை மைதானத்துக்குள் நடத்திப்போகத் தகுதி இல்லை.

போருக்குப் பிறகு இந்தக் கட்டடம் விரிசல் விட்டது. வேலைக்குப் போகாமல் வாழ முடிகிறவர்கள் குறைந்துவிட்டார்கள், வரியும் ஏறிவிட்டது. 1952இல் லென் ஹட்டன் இங்கிலாந்தின் தலைவராக நியமிக்கப்பட்டார். 20ஆம் நூற்றாண்டில் அந்தப் பதவியில் முறைப்படி அமர்ந்த முதல் புரொஃபெஷனல். போர்க்காலத்தில் அவர் ராணுவத்தில் சார்ஜென்ட்டாக இருந்தவர், அதிகாரி இல்லை. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவிடமிருந்து ஆஷஸ் கோப்பையை மீட்டார். 1962 இறுதியில் அமெச்சூர் என்ற பிரிவையே எடுத்துவிட முடிவு செய்தார்கள். 1963இல் ஒரு சவர பிளேடு கம்பெனியின் பணத்தில் ஒருநாள் போட்டித் தொடர் தொடங்கியது.

பழைய ஸ்கோர் அட்டையைப் படிக்க

இனிமேல் 1962க்கு முந்தைய அட்டை எதுவும் கண்ணில் பட்டால் பெயர்களை முதலில் பாருங்கள். முன்னெழுத்துகள் முன்னால் இருந்தாலோ, மேஜர், கேப்டன் என்று இருந்தாலோ அமெச்சூர். வெறும் பெயர் என்றால் புரொஃபெஷனல். பிறகு பந்துவீச்சுப் பக்கத்துக்குப் போங்கள். நாள் முழுக்க ஓவர் ஓவராக வீசிய பெயர்களில் பெரும்பாலும் முன்னெழுத்து இருக்காது. பேட்டிங்கில் மேல்வரிசையில் அது அடிக்கடி இருக்கும். அணித்தலைவர் குறி யார் பெயருக்குப் பக்கத்தில் என்று பாருங்கள், அங்கே முன்னெழுத்து இல்லாமல் இருப்பது அபூர்வம். கடைசியாக, ஒரு பெயர் இரண்டு மாதம் மட்டும் வந்து மறைந்தால், அவர் ஃபார்ம் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விடுப்பு முடிந்திருக்கலாம்.